பெயரிடப்பட்ட துயரம்

நுழையும்முன்

ஒரு துயரம் நூற்றாண்டுக் கணக்கில் ஊரார் கண்முன்னே நிகழ்ந்துகொண்டிருக்கலாம். ஆயினும் அதனைக் குறை என்று எவரும் கருதாமல், வழக்கம் என்றோ விதி என்றோ சொல்லிக் கடந்து செல்லலாம். அது சமூகம் முழுவதும் சேர்ந்து தீர்க்க வேண்டிய சிக்கலாக மாறுவது எப்போது? யாரால்? இவ்வினாக்களை நெஞ்சில் நிறுத்தி மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையை அணுகுவோம்.

1893-ஆம் ஆண்டு சென்னையில் இயங்கிய இந்து சமூகச் சீர்திருத்தச் சங்கத்தார், இந்தியாவின் அரசப் பிரதிநிதிக்கும் சென்னை மாகாண ஆளுநருக்கும் ஒரு விண்ணப்பம் அனுப்பினர். செல்வர் வீட்டுத் திருமணங்களிலும் உயர் அலுவலர்க்கு அளிக்கப்படும் வரவேற்புகளிலும் தேவதாசிப் பெண்களின் சதிராட்டம் நடைபெறுவது அக்கால வழக்கம். அத்தகைய நிகழ்ச்சிகளில் ஆட்சியாளர்கள் கலந்துகொள்ளலாகாது என்பதே விண்ணப்பத்தின் சாரம். தாங்கள் கண்ட ஆட்டங்களில் தகாதது எதுவும் இல்லை என்ற கருத்தில் விடை வந்தது, வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. சீர்திருத்தம் பேசியவர்கள் சிலர். அவர்கள் சுட்டிய குறை மற்றவர் கண்ணுக்குக் குறையாகவே தோன்றவில்லை.

அவ்வாண்டில் புதுக்கோட்டையில் ஒரு சிறுமிக்கு வயது ஆறேழு இருக்கும். 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் பிறந்த முத்துலட்சுமியே அச்சிறுமி. தந்தை நாராயணசாமி, மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கியவர், அந்தணர். தாய் சந்திரம்மாள், கோயிற்பணிக்குப் பெண்களை அளித்துவந்த இசைக் குலத்தில் பிறந்தவர். இத்திருமணத்தை ஏற்காத உறவினர் நாராயணசாமியை விலக்கி வைத்தனர். எந்த வழக்கத்தை மாகாணத்தின் சிக்கலாகப் பிற்காலத்தில் முத்துலட்சுமி நிலைநாட்டினாரோ, அவ்வழக்கத்தின் நிழல் அவர் பிறந்த வீட்டின் முற்றத்திலேயே விழுந்திருந்தது.

அவ்வழக்கம் இன்னதென்று அறிந்துகொள்வது தேவை. பெண்மகவு ஒன்றைப் பூப்பெய்துமுன்னரே இறைவனுக்கு மணமுடித்ததாகக் கருதிக் கோயிலில் பொட்டுக்கட்டிவிடுவர். அன்றுமுதல் அவள் நித்திய சுமங்கலி. ஆடலும் பாடலும் பயில்வாள். பிற குலப் பெண்களுக்குக் கிட்டாத எழுத்தறிவையும் பெறுவாள். அவள் குடும்பத்துக்குக் கோயில் மானியமாக நிலம் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை இராசராசன் குடியமர்த்தி ஊதியம் வகுத்த செய்தியைக் கல்வெட்டு கூறும். இவ்வளவு தொன்மையும் மதிப்பும் வாய்ந்த ஒன்றைக் குறை என்று கூற யார் துணிவர்? ஆனால் அரசர்கள் மறைந்தனர். கோயில்களின் வருவாய் சுருங்கியது. பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணுக்கு மணவாழ்வு இல்லை. செல்வர் ஒருவரைச் சார்ந்தே வாழவேண்டிய நிலை. அவள் பெற்ற பிள்ளைக்குத் தந்தையின் பெயரும் இல்லை. மானிய நிலம் கைவிட்டுப் போகாதிருக்க வேண்டுமாயின், அடுத்த தலைமுறையில் மற்றொரு சிறுமிக்குப் பொட்டுக்கட்டியாக வேண்டும். இந்நிலையை எதிர்த்துக் கேட்கும் வயது அச்சிறுமிக்கு இல்லை.

முத்துலட்சுமி மேற்படிப்புக்காக 1904-ஆம் ஆண்டு மகாராஜா கல்லூரியை நாடியபோது, ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் எதிர்ப்பு எழுந்தது. அவர் பெண் என்பது ஒரு காரணம். தாயின் குலம் மற்றொரு காரணம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு இசைவளித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பல பரிசுகளோடு பட்டம் பெற்றார். அங்குப் பயின்று பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் அவரும் ஒருவர். எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணிபுரிந்தார். 1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்ற உறுதியைப் பெற்ற பின்னரே அத்திருமணத்துக்கு இசைந்தார். சுந்தர ரெட்டி இறுதிவரை அவ்வுறுதியைக் காத்தார்.

மருத்துவத் தொழில் அவருக்கு நாடறிந்த பெயரைத் தந்ததோடு, பிறர் காணாதவற்றைக் காணும் வாய்ப்பையும் தந்தது. உடல் முதிராப் பருவத்தில் தாயான சிறுமியர், ஆடவரால் நோய் பெற்று அதன் பெயரைக்கூட வெளியே சொல்ல இயலாத பெண்கள் ஆகியோர் மருத்துவரிடம் வந்தே தீரவேண்டும். குடும்பத்தின் மானம் என்று வீட்டுக்குள் பூட்டிவைக்கப்பட்ட துன்பங்கள் யாவும் மருத்துவமனையில் உடலின் துன்பங்களாக வெளிப்பட்டன. தனித்தனியே பார்த்தால் அவை ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் தலைவிதி. ஒரே துன்பம் நாள்தோறும் வேறு வேறு முகங்களோடு வந்து நிற்கும்போது, தலைவிதி என்ற விளக்கம் மருத்துவருக்குப் போதாது.

1917-இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம் அவருடைய பொதுவாழ்வுக்குக் களம் அமைத்தது. சென்னை மாகாணப் பெண்கள் 1921-இல் வாக்குரிமை பெற்றனர். சட்டமன்றத்தில் அமரும் உரிமை 1926-இல்தான் கிடைத்தது. அவ்வாண்டிலேயே முத்துலட்சுமி சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். மருத்துவப் பணி தடைப்படுமோ என்று முதலில் தயங்கியவர் அவர். ஆடவர் மட்டுமே நிறைந்திருந்த அவையில், பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினராக அமர்ந்தார். ஒருமனதாகத் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

விண்ணப்பத்துக்கும் தீர்மானத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கு நோக்கத்தக்கது. விண்ணப்பத்தை ஆட்சியாளர் ஒரு வரியில் மறுத்துவிடலாம். அவையில் ஓர் உறுப்பினர் கொணரும் தீர்மானத்துக்கு அரசு விடை கூறியாக வேண்டும். ஆதரிப்போரும் எதிர்ப்போரும் தம் பெயர் பதிவாகும் வண்ணம் பேசியாக வேண்டும். மறுநாள் செய்தித்தாள்கள் அதனை அச்சிடும். 1927-ஆம் ஆண்டு நவம்பரில், கோயில்களில் பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றுமாறு அரசைக் கேட்கும் தீர்மானத்தை முத்துலட்சுமி முன்மொழிந்தார். அவை அதனை நிறைவேற்றியது.

சட்டமே இல்லாத நிலையில் அவர் இதனைத் தொடங்கவில்லை என்பது வியப்புக்குரியது. தீயொழுக்கத்துக்காகச் சிறுமியரை விற்பதும் வாங்குவதும் 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373-ஆம் பிரிவுகளின்படி குற்றம். அதற்குரிய வயது வரம்பு 1924-இல் பதினெட்டாக உயர்த்தவும் பட்டது. இருந்தும் என்ன? பொட்டுக்கட்டுதல் கோயிலுக்குள் நடக்கும் சடங்கு. பெற்றோர் உடன்பட்டனர், அருச்சகர் உடன்பட்டார், ஊரார் கூடி நின்று கண்டனர். குற்றம் என்று யாரும் கருதாத செயலைப் பற்றி யார் சென்று முறையிடுவர்? ஏட்டில் இருந்த சட்டம் ஏட்டிலேயே இருந்தது.

ஆகவே ஒரு சடங்கைச் சிறுமிக்கு இழைக்கப்படும் தீங்கு என்று பிறர் காணச் செய்வதே முத்துலட்சுமியின் முதற்பணியாயிற்று. கேட்போரின் இயல்பறிந்து அவர் வாதங்களை வகுத்தார். சமயப்பற்று உடையோரிடம், இது சமயத்தின் விதியன்று, சமயத்துக்கு நேர்ந்த இழுக்கு என்றார். சட்டம் அறிந்தோரிடம், உடன்பாடு தெரிவிக்கும் வயதில்லாத ஒருத்தியின் வாழ்வைப் பிறர் முடிவு செய்யலாமா என்ற வினாவை வைத்தார். நாட்டுப்பற்று உடையோரிடம், விடுதலை கேட்கும் நாடு தன் பெண்களை இந்நிலையில் வைத்திருப்பது தகுமா என்றார். மருத்துவராகப் பேசும்போது, பரவும் நோய் குலத்தின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை என்று எடுத்துக்காட்டினார். இவற்றுள் இவ்விறுதி வாதமே பலரை அசைத்திருக்கக்கூடும். பிறர் துன்பத்துக்கு இரங்காதோரும் தம் வீட்டு வாசலுக்கு நோய் வரும் என்றால் செவிசாய்ப்பர் அல்லவா?

எதிர்ப்புகளும் பலவகையாயின. சமயத்தில் அரசு தலையிடலாகாது என்றனர் சிலர். கலை அழியும் என்றனர் சிலர். மக்களின் கருத்து இன்னும் கனியவில்லை என்று காலம் கடத்தினர் வேறு சிலர். அண்டையில் மைசூர் அரசு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தன் கோயில்களில் இப்பணியை விலக்கியிருந்தது. அதனைச் சுட்டிக்காட்டி, மன்னராட்சியில் இயன்றது இங்கு இயலாதா என்று சீர்திருத்தத்தார் கேட்டனர். மாதர் சங்கக் கிளைகள் கூட்டங்கள் கூட்டித் தீர்மானங்கள் அனுப்பின. காந்தியடிகள் தம் இதழில் ஆதரித்து எழுதினார். இசைக் குலத்து ஆடவரின் சங்கங்களும் சட்டத்தை வரவேற்றன. கனியவில்லை என்று கூறப்பட்ட கருத்தைக் கனியவைக்கும் பணியும் முன்மொழிந்தவரின் தோளிலேயே விழுந்தது.

1929-இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் முத்துலட்சுமியின் நுண்ணறிவைக் காட்டுவது. கோயிற்பணி செய்தால்தான் மானிய நிலம் என்ற பிணைப்பை அத்திருத்தம் அறுத்தது. பணியைக் கைவிட்டாலும் நிலம் அப்பெண்ணுக்கே உரியது என்றாயிற்று. ஒழுக்கம் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. ஆனால் ஒரு சிறுமிக்குப் பொட்டுக்கட்டக் குடும்பத்தைத் தூண்டிய பொருளியல் காரணம் அதனால் தளர்ந்தது. வழக்கத்தைத் தாங்கி நின்ற தூண் எது என்று கண்டு, முதலில் அதன்மேல் கைவைத்தார் எனலாம்.

இவ்வரலாற்றில் மறைக்கலாகாத ஒரு பக்கமும் உண்டு. சென்னையில் வாழ்ந்த தேவதாசிப் பெண்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்து அரசுக்கு முறையீடுகள் அனுப்பினர். திருவையாற்றில் தியாகராசருக்கு நினைவாலயம் எழுப்பிய இசை வல்லுநர் பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் முதன்மையானவர். தம்மை விலைமகளிரோடு ஒன்றாக எண்ணுதல் தகாது. தம் குலத்தில் தவறுவோர் இருப்பின் திருத்தட்டும். அதற்கு வழி தம் பிள்ளைகளுக்குச் சமயக் கல்வியும் இலக்கியக் கல்வியும் கலைக் கல்வியும் அளிப்பதே என்பது அவர்கள் வழக்கு. சொத்துரிமையும் கல்வியும் பெற்றிருந்த பெண்கள், தாம் ஒரு சிக்கல் என்று பிறரால் பெயரிடப்படுவதைக் கண்டு வருந்தினர். ஒரு வழக்கத்துக்குச் சூட்டப்படும் பெயர் அவ்வழக்கத்துக்குள் வாழ்வோரின் மேலும் ஒட்டிக்கொள்கிறது. முத்துலட்சுமி இம்முறையீடுகளை ஏற்கவில்லை. அப்பெண்களைக் குறித்துத் தம் எழுத்துகளில் சிலபோது கடுமையான சொற்களையே கையாண்டார். சிறுமியரின் பக்கம் உறுதியாக நின்ற அவர், வளர்ந்த பெண்களின் மனக்குறையைப் பொறுமையோடு கேட்டிருக்கலாம் என்று இன்று நமக்குத் தோன்றுகிறது.

ஆயினும் அக்குலத்துக்குள்ளிருந்தே எழுந்த குரல்கள் யாவும் ஒரே திசையில் ஒலிக்கவில்லை. அக்குலத்திலேயே வளர்ந்து அவ்வாழ்வை உதறியெழுந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பொட்டறுப்பைப் பரப்பினார். 1936-இல் தாம் எழுதிய புதினத்தில் உள்ளிருந்து கண்ட கொடுமைகளை வெளிப்படுத்தினார். அவையில் முத்துலட்சுமி எழுப்பிய வழக்குக்கு ஊர்ப்புறங்களில் சான்று கூறியவர் அவரே.

1930-இன் தொடக்கத்தில் பொட்டுக்கட்டுதலை அடியோடு தடுக்கும் மசோதாவை முத்துலட்சுமி அவையில் கொணர்ந்தார். அது சட்டமாகுமுன் நாட்டின் நிலை மாறியது. உப்பு அறப்போரில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அவர் பதவியைத் துறந்தார். தாம் வளர்த்த மசோதா தம் விலகலால் தேங்கும் என்பதை அவர் அறியாதவரல்லர்.

அதன்பின் நடந்தது அவர் வாழ்வின் அரிய பகுதி. பொட்டுக்கட்டுதலிலிருந்து தப்பிய சிறுமியர் சிலர் அவரை நாடி வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள நகரில் இருந்த மாணவியர் விடுதிகள் முன்வரவில்லை. வழக்கம் தீது என்று கூட்டங்களில் கைதட்டிய நகரத்தில், அவ்வழக்கத்திலிருந்து மீண்டவர்க்குப் படுக்க ஓர் இடம் கிடைக்கவில்லை! முத்துலட்சுமி தம் வீட்டையே அவர்களுக்குத் திறந்துவிட்டார். 1930-களின் தொடக்கத்தில் இவ்வாறு உருவானதே அவ்வை இல்லம். பின்னர் அடையாற்றில் அது நிலைபெற்று, ஆதரவற்ற சிறுமியர் பலரின் பள்ளியாகவும் தாயகமாகவும் வளர்ந்தது.

1932-இன் இறுதியில் ஒரு சுவையான வாதம் எழுந்தது. முதலமைச்சர் பொப்பிலி அரசருக்கு அளிக்கப்பட்ட விருந்தில் சதிராட்டம் இடம்பெற்றதை முத்துலட்சுமி நாளிதழில் கண்டித்தார். வழக்கறிஞரும் விடுதலை வீரருமான ஈ. கிருஷ்ண ஐயர் மறுப்பெழுதினார். பெண் வேடம் பூண்டு தாமே மேடையேறி ஆடியவர் அவர். குறை ஆட்டத்தில் இல்லை; அதனைச் சூழ்ந்த வாழ்க்கை முறையில்தான் உள்ளது என்பது அவர் கட்சி. சென்னை இசை அவையும் இதனை ஆராய்ந்து, அக்கலையைப் போற்ற முடிவு செய்தது. பரதநாட்டியம் என்ற பெயர் அக்காலத்தில்தான் பரவலாக ஊன்றியது. ஒருவர் சமூகக் கேடு என்று காட்டியதையே மற்றொருவர் நாட்டின் செல்வம் என்று காட்டினார். சமூகம் இருவர் சொல்லையும் ஏற்றுக்கொண்டது. வழக்கம் விலக்கப்பட்டது, கலை மேடையேறியது. ஆனால் அக்கலையை அதுவரை காத்துவந்த குடும்பத்துப் பெண்கள் பலருக்கு அம்மேடையில் இடம் இல்லாது போயிற்று. அவ்விழப்பை அன்று எவரும் சிக்கல் என்று பெயரிடவில்லை.

பொட்டுக்கட்டுதலைக் குற்றமாக்கிய சட்டம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1947-இல் நிறைவேறியது. முதல் தீர்மானத்துக்கும் அதற்கும் இடையே இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. முன்மொழிந்தவர் அப்போது அவையில் இல்லை.

அவ்வேளையில் முத்துலட்சுமி வேறொரு துயரத்தைச் சிக்கலாக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். அதன் தொடக்கத்துக்கு நாம் 1923-ஆம் ஆண்டுக்குத் திரும்ப வேண்டும். அவ்வாண்டில் அவர் தங்கை சுந்தராம்பாள் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் சீதபேதி என்றே அந்நோய் பிழையாகக் கணிக்கப்பட்டிருந்தது. அக்காள் மருத்துவர்; அக்காள் கணவர் மருத்துவர்; ஆயினும் காக்க இயலவில்லை. தங்கை பட்ட வேதனையை அருகிருந்து கண்ட முத்துலட்சுமி, 1925-இல் மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றபோது புற்றுநோய் மருத்துவத்தையும் அறிந்து வந்தார்.

தேவதாசி வழக்கத்தில் அவர் எதிர்கொண்டது பழமையின் மதிப்பு. புற்றுநோயில் எதிர்கொண்டது கையறு நிலை. இந்நோய் வந்தவர் எப்படியும் இறப்பவர். அவர்களுக்கென்று தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் மக்களிடம் மட்டுமன்றி ஆட்சியாளரிடமும் மருத்துவரிடமும் நிலவியது. காலரா, அம்மை போன்று ஊரையே வாரிச் செல்லும் நோய்களுக்கு நடுவே, ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே நிகழும் இம்மரணங்கள் எவர் கணக்கிலும் சேரவில்லை. பலர் நோயின் பெயரையே மறைத்தனர். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென மருத்துவமனை வேண்டும் என்ற கருத்தை அவர் பொதுமேடையில் வெளியிட்டார். பதினான்கு ஆண்டுகள் கழிந்து, 1949-இல், மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் பயிற்சி முடித்துத் திரும்பும் வாய்ப்புப் பெற்ற மகன் கிருஷ்ணமூர்த்தியும் மருத்துவராய்த் தாயின் கனவுக்குத் துணை நின்றார்.

அறுபது வயதைக் கடந்த பின் அவர் நிதி வேண்டிப் பலருடைய வாயில்களில் நின்றார். சட்டமன்றத்தில் அரசையே விடைகூற வைத்தவர், ஒவ்வொருவரிடமும் இந்நோய் தீர்க்கத்தக்கது என்பதை முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. 1952-இல் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் பன்னிரண்டு படுக்கைகளோடு எளிய கட்டடமொன்றில் புற்றுநோய் மருத்துவமனை பணியைத் தொடங்கியது. மறுஆண்டு அங்கு வந்து சேர்ந்த இளம் மருத்துவர் வி. சாந்தா, தம் வாழ்நாள் முழுவதையும் அதற்கே அளித்தார்.

1956-இல் நடுவண் அரசு முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், எண்பத்திரண்டாம் வயது நிறைவதற்கு எட்டு நாள்கள் இருக்கையில், அவர் மறைந்தார். புற்றுநோய்க் கட்டுப்பாட்டுக்கென நாடு முழுமைக்குமான திட்டத்தை இந்திய அரசு வகுத்தது அதற்கும் ஏழு ஆண்டுகள் கழித்து, 1975-இல்.